கருவாட்டுக்கு 2,400 ரூபாயா?

கேள்வி: திருமண நாளை முன்னிட்டு மனைவியுடன் ஒரு நட்சத்திர ஓட்டலின் ‘மலேசிய உணவுத் திருவிழா’வுக்குப் போயிருந்தேன். ஆளுக்கு 2,400 ரூபாய், வரி தனி. வைத்ததோ பரோட்டா, பருப்பு, தேங்காய்ப்பால் சோறு, அதன் மேல் நெத்திலிக் கருவாடு! டீயைக்கூடத் தெருமுனைக் கடையில் ஆற்றுகிற மாதிரி ஆற்றித்தான் கொடுத்தார்கள். உருப்படியான மலேசிய அயிட்டம் என்றால் ‘பனீர் ரெண்டாங்’ ஒன்றுதான். பிரமாதம். மற்றபடி நம் சரக்கையே நம் தலையில் கட்டிவிட்டார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

(பெயர் வேண்டாமாம், சென்னை-17)

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் புகாரை மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். மோசடி என்று நீங்கள் வரிசைப்படுத்தியவை எல்லாமே அசல். பிரமாதம் என்று மெச்சினீர்களே, அது ஒன்றுதான் டூப்ளிகேட்.

முதலில் கருவாடு. அது கிடந்த சோற்றுக்குப் பெயர் நாசி லெமாக். மலாயில் நாசி என்றால் சோறு, லெமாக் என்றால் கொழுப்பு. (இங்கே ஒருவரைப் பார்த்துக் கொழுப்பு என்றால் சண்டைக்கு வருவார். அங்கே அது சோற்றுக்குக் கிடைக்கிற பாராட்டு.) ரம்பை இலையை முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளித் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். கூடவே சம்பல் என்கிற மிளகாய் விழுது, வறுத்த வேர்க்கடலை, நாலு வெள்ளரித் துண்டு, அவித்த முட்டையில் பாதி, மொறுமொறுவென்று பொரித்த நெத்திலிக் கருவாடு. வாழையிலையில் மடித்த பொட்டலமாக வாங்கிக்கொண்டு காலையில் வேலைக்குப் போவார்கள். கருவாடு இல்லாமல் பரிமாறியிருந்தால் நீங்கள் கோர்ட்டுக்குப் போவதில் நியாயம் இருந்திருக்கும்.

மலேசியர்களின் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காலைச் சாப்பாட்டில் முன்வரிசையில் நிற்பவை நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். அதாவது உங்கள் கருவாட்டுச் சோறு, உங்கள் பரோட்டா, உங்கள் ஆற்றின டீ. தாரிக் என்றால் இழுப்பது. டீயை இழுத்து ஆற்றுவதால் அந்தப் பெயர்.

பரோட்டா நம்முடையதுதானே என்பீர்கள். நம்முடையதுதான். ஆளோடு கப்பல் ஏறிப் போனது. ரப்பர் தோட்டத்துக்கும் ரயில்பாதை வேலைக்கும் போனவர்கள் ஒரு பக்கம், வியாபாரம் பார்க்கப் போன தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம். இந்தத் தமிழ் முஸ்லிம்கள் போட்ட சாப்பாட்டுக் கடைகளுக்குத்தான் அங்கே ‘மாமாக்’ கடை என்று பெயர். நம் மாமாதான், ஒரு மெய்யெழுத்து கூடிவிட்டது. சானாய் என்பது சென்னையிலிருந்து வந்த சொல் என்று ஒரு கட்சி. இல்லை, மாவைத் தேய்த்து விரிப்பதற்கான மலாய்ச் சொல் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்த்துக்கொண்டிருப்பதால் வழக்கு இன்னும் முடியவில்லை. சொற்களும் இப்படியே கப்பல் ஏறியிருக்கின்றன. மலாயில் கடைக்குக் ‘கெடாய்’, மாம்பழத்துக்கு ‘மெம்பெலாம்’, கப்பலுக்குக் ‘கப்பல்’.

பல வருஷங்களுக்கு முன் பினாங்கில், ஜார்ஜ் டவுனில், ஒரு நாசி கண்டார் கடை வரிசையில் நின்றேன். கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கிற தடி, நம் காவடித் தண்டு மாதிரி. ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டு அந்தக் காலத்தில் தெருத் தெருவாக விற்றதால் வந்த பெயர். என் முறை வந்தது. கரண்டி பிடித்திருந்த பெரியவர் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் கேட்டார்: “என்ன தம்பி, மீனா கோழியா?”

“எல்லாத்துலயும் கொஞ்சம்.”

“அப்ப பஞ்சிர்னு சொல்லுங்க.”

பஞ்சிர் என்றால் வெள்ளம். சொன்னதுதான் தாமதம், கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, ஆட்டுக்கறிக் குழம்பில் அரைக் கரண்டி, மேலே சோயா போட்ட கருத்த சாறு ஒன்று. சோற்றைக் காணோம். இலையில் சாம்பாரும் வத்தக்குழம்பும் கலந்துவிடக் கூடாது என்று அணை கட்டிச் சாப்பிடுகிற ஆள் நான். அன்றைக்கு மதகைத் திறந்துவிட்டேன். ருசி நம் சால்னாவுக்குச் சித்தப்பா மகன் முறை. முகஜாடை அப்படியே இருக்கிறது, வளர்ந்த வீடு வேறு. அன்னாசிப்பூவும் பட்டையும் கறிவேப்பிலையும் நம் பக்கம், சோயா சாஸ் சீனர் வீட்டுச் சீர்.

ஊர் பெயரை விசாரித்தேன். கடையநல்லூர்ப் பக்கம், தாத்தா காலத்தில் வந்தார்களாம். நீங்கள் அந்த வரிசையில் நின்றிருந்தால் பெரியவர் மீதும் கேஸ் போட்டிருப்பீர்கள்.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்தச் சம்பலை மோந்து பார்த்தீர்களா? நியாயமான சம்பல் என்றால் அதில் பெலாச்சான் இருக்க வேண்டும். கூனி இறாலை உப்புப் போட்டுக் காயவைத்து, இடித்து, புளிக்கவிட்டுக் கட்டியாக அழுத்திவைப்பது. அதில் ஒரு துண்டை நெருப்பில் வாட்டி, ஊறவைத்த காய்ந்த மிளகாயோடு சேர்த்து அரைக்க வேண்டும். வாட்டும்போது எழுகிற வாசனை நாலு வீடு தாண்டிப் போகும். கருவாட்டுக்கே நீங்கள் இவ்வளவு முகம் சுளித்திருப்பதைப் பார்த்தால், உங்களுக்கு வைத்த சம்பலில் அது இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. இப்படிப்பட்ட வேறொரு விழாவில் சமையற்காரரைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். “பெலாச்சானைச் சுட்டா வாசம் ஏசி வழியா கல்யாண ஹாலுக்குப் போயிடுது சார். ரிசப்ஷன் நடுவுல கம்ப்ளெயின்ட். இப்ப சோயா சாஸோட நிறுத்திக்கிட்டோம்” என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காசு கொடுக்கிறவர்கள் உங்களை மாதிரி ஆட்கள்தானே?

லக்சா பற்றி நீங்கள் மூச்சே விடவில்லை. வைத்திருந்தார்களா, மீன் நாற்றம் என்று தாண்டிப் போனீர்களா? பினாங்கு அசாம் லக்சா என்பது ஏறக்குறைய நம் மீன் புளிக்குழம்புக்குள் அரிசி நூடுல்ஸைப் போட்டு, மேலே புதினாவும் அன்னாசிப்பழமும் தூவின சங்கதி. ‘இதுவும் நம் சரக்குதான்’ என்று இன்னொரு பாரா எழுதியிருக்கலாம்.

கடைசியாக, உங்கள் பிரமாதம். ரெண்டாங், சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களோடு மலேசியாவின் நெகிரி செம்பிலானுக்கு வந்த பண்டம். இறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் வைத்திருப்பார்கள். எலுமிச்சைப் புல், மிளகாய், இஞ்சி இவற்றோடு அரத்தையும் சேரும். அதேதான், நாட்டு மருந்துக் கடையில் சளிக் கஷாயத்துக்கு வாங்குவீர்களே, அந்தக் குடும்பம். பால் சுண்டி, எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயிலேயே கறி வறுபட்டுக் கருக்க வேண்டும். வறுத்து இடித்த தேங்காயைக் கடைசியில் சேர்ப்பார்கள். இந்தப் பாட்டைப் பனீர் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? தனியாக ஒரு கிரேவி செய்து, இறக்கும் நேரத்தில் பனீரைப் போட்டுக் கிளறி, அட்டையில் ரெண்டாங் என்று எழுதி முன்னால் வைத்திருப்பார்கள்.

2018-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றில், மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி கோழி ரெண்டாங் செய்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லை என்றார் நடுவர். அம்மையார் வெளியேற வேண்டியதாயிற்று. வழக்கமாக ரெண்டாங் யாருடையது என்று அடித்துக்கொள்கிற மலேசியர்களும் இந்தோனேசியர்களும் அந்த ஒரு வாரம் ஒரே குரலில் கொதித்தார்கள். அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கே, மொறுமொறு ரெண்டாங்கை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். நடுவருக்குத் தன் ஊர் வறுவல் அந்தத் தட்டில் இல்லையே என்று குறை. உங்களுக்குத் தட்டில் நம் ஊர்க் கருவாடு இருக்கிறதே என்று குறை. அவர் ஒரு தட்டைத்தான் கெடுத்தார். உங்கள் கடிதத்தை ஓட்டல்காரர் பார்த்தால் அடுத்த வருஷம் கருவாடு போய்விடும், பரோட்டா போய்விடும், பனீர் லக்சா வந்துவிடும்.

2,400 ரூபாய் அதிகம் என்று புகார் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பினாங்கில் நான் கொடுத்ததை நினைத்தால் அது பகல் கொள்ளைதான். ஆனால் அதற்குக் கருவாடு என்ன செய்யும்? பனீர் ரெண்டாங்குக்காக வழக்குப் போடுவதாக இருந்தால் தேதியைத் தெரிவியுங்கள். சாட்சி சொல்ல நான் வருகிறேன்.