மகள் தன்னைப் பெடியன் என்கிறா: தாய் எதிலிருந்து தொடங்குவது?

கேட்டிருப்பவர் முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய். 15 வயது மகள் தான் பெடியன் என்று சொல்லி ஒரு வருசமாகிறதாம். பேசியும் பார்த்தாச்சு, நூலும் கட்டியாச்சு. "எனக்கே விளங்காமல் நான் எப்படி மாறுறது?" என்பதுதான் கேள்வி.

விளங்கின பிறகு மாறலாம் என்று காத்திருந்தால் வருசங்கள்தான் போகும். முதலில் பழக்க வேண்டியது வாயை.

இதற்கு எங்கட பேச்சுத் தமிழே கைகொடுக்கும். "பிள்ளை சாப்பிட்டுதோ", "பிள்ளை வந்திட்டுதோ" என்று ஆணா பெண்ணா எனக் காட்டாமலேதான் வீடுகளில் கதைக்கிறோம். "தம்பி" என்று கூப்பிட நாக்கு வளையாத தாய்க்கும் "பிள்ளை" வரும். "வாடி", "பெட்டை" இரண்டையும் நிற்பாட்டுங்கள். தொடக்கத்தில் அடிக்கடி வாய் தவறும். தவறினால் திருத்திச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். அங்கேயே இருந்து அழுதால், தாயைத் தேற்றுகிற வேலையும் பிள்ளையின் தலையில் விழும்.

அடுத்தது சுவரில் தொங்குகிற சாமத்தியவீட்டுப் படம். கடன்பட்டு மண்டபம் எடுத்துச் செய்திருப்பீர்கள், கழற்ற மனம் வராது. கிழிக்கத் தேவையில்லை, அலுமாரிக்குள் வையுங்கள். 2009இல் ஆட்களை இழந்த வீடென்றால் பழைய துக்கமும் இதோடு சேர்ந்துகொள்ளும். "இதையும் பறிகொடுக்கிறேன்" என்று நெஞ்சு சொல்லும். இரண்டையும் கலக்காதீர்கள். இந்தப் பிள்ளை பக்கத்து அறையில்தான் இருக்கிறது. அழுகையை உங்கள் சகோதரியிடமோ மனநல உதவி இலக்கம் 1926இலோ கொட்டுங்கள்.

பிள்ளை நெஞ்சை இறுக்கிக் கட்டுகிறதா என்று சண்டை பிடிக்காமல் கேளுங்கள். பாண்டேஜும் ஒட்டுநாடாவும் கூடாது. அவை மூச்சோடு விரிந்து கொடுக்காததால் விலா நோகும், தோல் உரியும். இறுக்கமான விளையாட்டு உள்ளாடை பரவாயில்லை. எதுவானாலும் 8 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்; படுக்கும்போதும் விளையாடும்போதும் கழற்ற வேண்டும். வன்னி வெயிலில் சைக்கிள் மிதித்து ரியூசனுக்குப் போகிற பிள்ளை மயங்கி விழுவதற்கு இது ஒரு காரணம்.

மனநல வைத்தியரிடம் போவது "மாற்றித் தாருங்கள்" என்று கேட்க அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, பிறப்பில் குறித்த பாலும் தான் உணருகிற பாலும் ஒத்துவராத இந்த நிலை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. நித்திரை, படிப்பு, தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றிக் கேளுங்கள். வளர வளரத் தன்னைப் பற்றி வேறுவிதமாகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. கட்டை மயிரும் கூப்பிடும் பெயரும் எப்போதும் திருப்பக்கூடியவை, அவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஹோர்மோன் அப்படியல்ல. சிறப்பு வைத்தியர் இல்லாமல் கடையில் வாங்கிப் போடவே கூடாது.

அடையாள அட்டைதான் பலர் கவனிக்காத இடம். 15 வயதில் பள்ளிக்கூடத்தால் விண்ணப்பிப்பார்கள். சுகாதார அமைச்சு 2016இல் கொண்டுவந்த பாலின அங்கீகாரச் சான்றிதழ் 16 வயதுக்கு மேல்தான். மனநல சிறப்பு வைத்தியர் கொடுப்பார். அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகே அட்டையை மாற்றலாம். ஆகவே முதல் அட்டை பழைய பெயரில்தான் வரும். அட்டை இலக்கமும் காட்டிக்கொடுக்கும். அதில் வருசத்தின் எத்தனையாவது நாள் பிறந்தது என்ற எண் இருக்கும்: ஜனவரி 10 பிறந்தவருக்கு ஆணென்றால் 010, பெண்ணென்றால் 500 கூட்டி 510. இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படிவத்தைக் கண்டவுடன் ஓஎல் சோதனையே வேண்டாம் என்று நிற்கிற பிள்ளைகள் உண்டு.

அதிபரிடம் போனால் சீருடையைப் பற்றி முதலில் வாதாடாதீர்கள், இலகுவில் விடமாட்டார்கள். ஆசிரியர் மலசலகூடத்தைப் பாவிக்க அனுமதி கேளுங்கள். இப்படியான பிள்ளைகள் பெண்பிள்ளைகளின் பக்கம் போகக் கூசி, காலை 7.30 தொடக்கம் 1.30 வரை தண்ணியே குடிக்காமல் இருந்து சலக்கடுப்போடு வருவார்கள். போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள்.