641 என்னும் காரணி

அன்புள்ள ஐயா,

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் என் மகன், 4294967297 முதன்மை எண் என்று பெர்மா கருதியதாகவும் ஒயிலர் அதைப் பிழையென்று காட்டியதாகவும் வகுப்பில் கேட்டு வந்து, இரண்டு நாளாகக் கொப்பியில் வகுத்துக்கொண்டிருக்கிறான். 97 வரை வந்துவிட்டான். எல்லாவற்றிலும் மீதி வருகிறது. கணினி இல்லாத காலத்தில் இதற்கு எப்படிக் காரணி கண்டார்கள்?

வாசகர், கொக்குவில்

அன்புள்ள நண்பருக்கு,

மகனின் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதே வழியில் போனால் 65536 வரையுள்ள 6542 முதன்மை எண்களையும் அவர் பரீட்சிக்க நேரலாம். 1732 இல் ஒயிலர் காட்டிய விடையை அடைய ஐந்து வகுத்தல்களே போதும்.

இந்த எண் 2³² + 1. ஒரு முதன்மை எண் இதை மீதியின்றி வகுக்குமானால், அதனால் வகுக்கும்போது 2³² இன் மீதி −1 ஆகவும், அதன் வர்க்கமான 2⁶⁴ இன் மீதி 1 ஆகவும் அமையும். 64 இலும் சிறிய எந்த வலுவும் 1 ஐ மீதியாகத் தராது. ஆகவே, அந்த முதன்மை எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 64 இன் மடங்காகவே இருக்க வேண்டும். இதற்கு ஆதாரமானது பெர்மாவே 1640 இல் எழுதிய சிறிய தேற்றம் (ஒற்றை முதன்மை எண் p ஆல் வகுக்கும்போது, 2 இன் p − 1 ஆம் வலு 1 ஐ மீதியாகத் தரும்) என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்: அவருடைய ஊகத்தைச் சாய்க்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது.

64 இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டி, முதன்மை எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641 என வரும். முதல் நான்கும் தரும் மீதிகள் முறையே 109, 2, 325, 288. ஐந்தாவது மீதியின்றி வகுக்கிறது: 4294967297 = 641 × 6700417.

வகுக்காமலே இதைக் காணவும் முடியும்; அந்த வழியை மகனுக்கு அவசியம் காட்டுங்கள். 640 என்பது 5 × 2⁷ ஆகையால், 641 ஆல் வகுக்க அதன் மீதி −1. நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ இன் மீதி 1. மறுபுறம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴; எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ ஐ வைக்கலாம். வைத்தால் −2³² இன் மீதி 1 ஆகிறது. 2³² + 1 இற்கு மீதியே இல்லை. ஒரே எண் இரண்டு விதமாகப் பிரிந்து நின்று, பத்து இலக்க எண்ணொன்றை இரண்டு வரியில் திறந்துவிடுகிறது.

இதிலிருந்து இரண்டைக் குறைத்தால் வரும் 4294967295 உம் பார்க்கத்தக்கது: அது 3 × 5 × 17 × 257 × 65537. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என வலு இரட்டித்துச் செல்லும் பெர்மாவின் வரிசையில் இன்றுவரை அறியப்பட்ட முதன்மை எண்கள் இந்த ஐந்துமே.

மகனுக்கு ஒரு வேலை மீதமுண்டு. 6700417 முதன்மை எண்ணா? அதன் காரணிகளும் அதே 64 இன் ஒழுங்குக்கு உட்பட்டவை. வர்க்கமூலமோ 2589 இற்குச் சற்றுக் குறைவு. முதல் நான்கும் ஏற்கெனவே விலகிவிட்டதால் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழையும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்பியில் ஒரு பக்கம் போதும்.