சிக்னல் இல்லாத ஊர், எட்டு மாதக் கர்ப்பிணி: எந்த ஆப் உதவும்?

கேள்வி: சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறோம். மனைவிக்கு எட்டாம் மாதம். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். அவசரத்துக்கு எந்த ஆப் போட்டு வைக்கலாம்?

பதில்: ஆப்பை விடுங்கள், தம்பி. உங்களுக்கு வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு.

108-க்கு அடித்தால் எடுப்பவர் எங்கோ தொலைவில் இருப்பார். நம் பக்கம் ஒரே பேரில் எத்தனை பட்டி! பேரையூர் தாலுகா, ஊராட்சி, வண்டி எதுவரை வரும், அங்கே என்ன அடையாளம் என்று வரிசையாக எழுதி போன் உறைக்குள் செருகி வையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர் பேரே வாயில் வராது. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. வாசலில் நின்று மேப் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சீட்டில் குறித்துவிடுங்கள்.

உங்கள் சிம்முக்கு டவர் கிடைக்காவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 என்ற பொது அவசர எண்ணுக்குப் போகும். பேச்சு அறுந்து போகிற இடத்தில்கூட எஸ்எம்எஸ் பல சமயம் போய்விடும். உசிலம்பட்டியிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் சீட்டின் நகலைக் கொடுத்து வையுங்கள். உங்கள் எஸ்எம்எஸ் பார்த்ததும் அவர் 108-க்குப் பேசட்டும்.

சரி, எப்போது அடிப்பது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், வலி கூடட்டும் என்று காத்திருந்து. ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், வலிப்பு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது: இதில் எது வந்தாலும் கிளம்பிவிட வேண்டும். வலியே இல்லாமல் ரத்தம் போனால் 'வலி இல்லையே' என்று இருந்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால் அப்படித்தான் போகும். வலிப்பு வந்தால் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் கட்டுக்கடங்காமல் கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம்.

வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லுங்கள். எத்தனையாவது மாதம், ரத்த வகை, கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தம், இப்போது என்ன நடக்கிறது என்று நான்கே விஷயம். அவர் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும் தயாராக இருக்க வழி உண்டு. ராத்திரியிலும் சிசேரியன் செய்து ரத்தம் ஏற்றும் வசதி பக்கத்தில் எங்கே, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கே போக வேண்டியது எப்போது என்பதையும் அவரிடமே இப்போது கேட்டு வையுங்கள். கர்ப்பப் பதிவு அட்டையைப் போட்டோ எடுத்து மனைவி, அம்மா, நீங்கள் என மூன்று பேர் போனிலும் வைப்பது நல்லது.

அப்புறம், பகலில் நீங்கள் வேலைக்குப் போனால் அந்த மேட்டுக்கு ஓடப் போவது யார்? பக்கத்து வீட்டு ஆளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஒரு ராத்திரி கரண்ட் போன நேரத்தில் மேட்டில் நின்று சொந்தக்காரருக்கு அடித்தும் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது சில டவர்கள் படுத்துவிடும். லைன் கிடைக்கவில்லையென்றால், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மனைவியை அந்தச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.