18 ஃபிரேம் விழட்டும், 14 ஃபிரேம் காத்திருங்கள்

கேள்வி: இரண்டு நிமிட அனிமேஷன் படம் ஒன்று செய்கிறேன். கோழியைத் துரத்தும் நரி மலை உச்சியிலிருந்து விழ வேண்டும். ரோட் ரன்னர் கார்ட்டூன் படங்களின் 18, 14 ஃபிரேம் கணக்கை (ஃபிரேம் என்றால் அசையும் படத்தில் ஒரு தனிப்படம்) அப்படியே வைத்தேன். கோழி ஓர் உதை விட, நரி விழுகிறது. பார்த்த யாரும் சிரிக்கவில்லை. என் ப்ராஜெக்ட் நொடிக்கு 30 ஃபிரேம். எங்கே தப்பு?

பதில்: முதல் தப்பு அந்த 30-தான். நல்லவேளை, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

அந்தக் கணக்கு இயக்குநர் சக் ஜோன்ஸ் சொன்னது. 1949-இல் வந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரி-அஸ்’ தொடங்கி, பசித்த கொயோட்டி (ஓநாய் போன்ற விலங்கு) ஒன்று ரோட் ரன்னர் என்ற பாலைவனப் பறவையைத் துரத்தித் துரத்தித் தோற்கும் குறும்படங்கள் அவருடையவை. தியேட்டரில் ஓடிய அந்தப் படங்களுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். கொயோட்டி விழுந்து கண்ணுக்கு மறைய 18 ஃபிரேம், மறைந்தபின் தரையில் மோத 14 ஃபிரேம். 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை, 14-க்குத்தான் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு மெனக்கெட்ட மனிதர்!

உங்கள் 30-இல் அதே 14 ஃபிரேம் அரை நொடிகூட இல்லை. ப்ராஜெக்டை 24-க்கு மாற்றுங்கள். முடியாதென்றால் 18-ஐ 22 அல்லது 23 ஆக்குங்கள், 14-ஐ 17 அல்லது 18 ஆக்குங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்து உங்கள் கண் சொல்வதை வையுங்கள்.

அந்த 14 ஃபிரேமில் திரையில் எதுவுமே நடக்காது என்பதுதான் விஷயம். மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கிறோம். உருவம் சிறுத்து, புள்ளியாகி, காணாமல் போகிறது. வெறும் பள்ளத்தாக்கு. ‘இதோ, இதோ’ என்று மனம் எதிர்பார்க்கும்போது சின்னதாய் ஒரு தூசிப் புகை. அங்கே பெரிய வெடிச் சத்தம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து ‘பொத்’ என்று மெல்லியதாகக் கேட்டால் போதும். நரியை ஒரே சீராகச் சிறிதாக்கவும் கூடாது, போட்டோவைச் சுருக்கியது போலிருக்கும். முதலில் சட்டென்று சிறுத்து, கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் தங்கட்டும்.

இனி அந்த உதை. எனக்கு ஃபிரேம் கணக்கைவிட இதுதான் பெரிய குறை. ரோட் ரன்னர் ‘பீப் பீப்’ என்று சத்தம் கொடுப்பதோடு சரி, கொயோட்டி கவிழ்வது தன் சொந்தத் திட்டத்தால்தான். முதல் படத்திலேயே ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு, தானே பனி தயாரித்து, அதன்மேல் சறுக்கிப் போகும். அவ்வளவு பாடுபட்டது வீணாகும்போதுதான் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. உங்கள் நரியோ அடிவாங்குகிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு கயிறோ பலகையோ கொடுங்கள். அதுவே கட்டட்டும், முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கட்டும், அப்புறம் அந்தக் கயிறே அறுந்து போகட்டும்.

விழுவதற்கு முன் நரி நம்மை ஒரு பார்வை பார்க்க வேண்டும். உடம்பு அசையக் கூடாது, காது மட்டும் தொங்கட்டும். அரை நொடி அப்படியே நிறுத்துங்கள். இத்தனையும் மாற்றியபின், ஒலியை அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நரி பார்க்கும் அந்த இடத்திலேயே அவர் உதடு லேசாக விரிந்தால், தூசிப் புகைக்குக் கட்டாயம் சிரிப்பார்.