பெருங்குடல் அழற்சிக்கு எந்தச் சாப்பாட்டை விட்டால் மாத்திரையை விடலாம்?

"பெருங்குடலில் புண், அழற்சி என்று சொல்லிவிட்டார்கள். ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டைக் கண்டுபிடித்து நிறுத்தினால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு முடியவில்லை. செய்து பார்த்து, பட்டுத்தான் சொல்கிறேன். நீங்களும் மாத்திரையை இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் ஆகவில்லை என்று தைரியம் வந்திருக்கும், பிறகுதான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எனக்குத் தொடங்கியது 2016 இல். கொழும்பில் வெள்ளவத்தையில் வீடு, கோட்டைப் பகுதியில் வேலை. இரத்தமும் சீதமுமாகப் போனது. மூலம் என்று நானே முடிவுகட்டி ஒரு மாதம் மறைத்தேன். பிறகு அமீபாவுக்கு மாத்திரை தந்தார்கள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், நம் நாட்டில் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடைசியில் ஒரு பெரிய டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணி, கமராக் குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கொப்பி செய்து, சதைத்துண்டு எடுத்துப் பார்த்தபோதுதான் பெருங்குடலின் இடதுபக்கம் முழுக்க அழற்சி என்று தெரிந்தது. கொஞ்ச நாள் ஸ்டீரொயிட், கூடவே அழற்சியை அடக்கி வைக்கும் மெசலசீன் மாத்திரை. இரண்டு மாதத்தில் மனுஷியானேன். ஸ்டீரொயிட்டை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டார்கள், மெசலசீனை மட்டும் தொடரச் சொன்னார்கள்.

நன்றாக இருக்கும்போதுதான் மனிதருக்கு மூளை கூடுதலாக வேலை செய்யும். 2018 இல் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "இரத்தத்தைக் குடுத்தால் எந்தெந்தச் சாப்பாடு உடம்புக்கு எதிரி என்று சொல்லிவிடுவார்கள்" என்றாள். போனேன். என் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகான வர்ணத்தாளில் முடிவு வந்தது. சிவப்பில் பால், முட்டை, கோதுமை, தேங்காய், பருப்பு, உள்ளி (வெள்ளைப்பூடு), இன்னும் கொஞ்சம். தேங்காயும் உள்ளியும் இல்லாமல் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் என்னதான் சமைப்பது? ஆனாலும் விட்டேன். நாலு மாதம் அவித்த சோறு, அவித்த பூசணி, அவித்த கோழி.

முதல் ஆறு கிழமை வயிறு உண்மையாகவே இலேசாக இருந்தது. பொருமல் இல்லை, சத்தம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் டொக்டரிடமும் சொல்லாமல், இவரிடமும் சொல்லாமல் மெசலசீனை நிறுத்தினேன். 58 கிலோ இருந்த நான் 49 ஆனபோது எல்லோரும் "மெலிந்து வடிவாயிட்டாய்" என்றார்கள்.

நாலாவது மாதம் ஒரு பின்னேரம், 100 ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியில் வந்துகொண்டிருக்கிறேன், பம்பலப்பிட்டியில் பிடித்தது. இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொய்லெட்டுக்குப் போகக் கெஞ்சிக் கேட்டேன், ஊழியர்களுக்கு மட்டும் என்றார்கள். ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் வீடு ஐந்தாம் மாடி. மிச்சத்தை எழுத மாட்டேன்.

லிஃப்ட் என்றதும் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அழற்சியால் இல்லை. மாதாமாதம் பராமரிப்புக் காசு தவறாமல் கட்டுகிறோம். கீழ்வீட்டுக்காரர் தனக்கு லிஃப்ட் தேவையில்லை என்று கட்டுவதில்லை. கூட்டம் வைத்தால் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றியே இரண்டு மணிநேரம் கதைப்பார்கள். மாடியில் வயதானவர்கள், நோயாளிகள் இருக்கிறார்கள் என்று நான் எழுந்து சொன்னால், "தங்கச்சிக்கு என்ன வருத்தம்?" என்று கேட்பார்கள். அந்தச் சபையில் என்ன வருத்தம் என்று சொல்வது? சரி, விடுங்கள்.

டொக்டர் ஏசுவார் என்று நினைத்துப் போனேன். அவர் ஏசவில்லை, அந்த வர்ணத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் சிவப்பில் இருப்பதெல்லாம் நீங்கள் தினம் சாப்பிடுகிறவைதானே?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பரிசோதனை ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கிறது. ஒரு சாப்பாட்டை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி இருப்பது வழமை. உடம்புக்கு அது பழகிவிட்டது என்றுதான் அர்த்தம், எதிரி என்று இல்லை. உணவு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கண்டுபிடிக்க இதைச் செய்ய வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008 இலேயே அறிவித்துவிட்டதாம். என் சம்பளம் போனது 2018 இல்.

அப்படியென்றால் முதல் ஆறு கிழமை ஏன் சுகமாக இருந்தது? அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. என் வயிற்றில் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று அழற்சி: குடலின் உள்தோல் புண்ணாகி இரத்தம் வருவது. மற்றது, அழற்சி அடங்கிய பிறகும் குடல் தொட்டாற்சுருங்கி மாதிரி இருப்பது: காற்று, பொருமல், அவசரம். கோதுமை, வெங்காயம், பருப்பு, பால் இவற்றில் இருக்கும் சில மாப்பொருள்களும் சீனிகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து புளித்துக் காற்றாகின்றன. மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் ஃபொட்மப் என்று பெயர் வைத்தது இவற்றுக்குத்தான். அவற்றை விட்டதால் காற்று குறைந்தது. காற்று குறைந்ததை நான் புண் ஆறியதாக நினைத்தேன். உள்ளே மாத்திரை இல்லாத குடல் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. மலத்தில் கல்ப்ரொடெக்டின் என்று, குடல் அழற்சியில் கூடும் ஒரு புரதத்தை அளந்து பார்த்திருந்தால் அந்த எரிச்சல் முன்கூட்டியே தெரிந்திருக்கும். நீங்கள் காசு செலவழிக்க நினைத்தால் அதற்குச் செலவழியுங்கள்.

மாத்திரை திரும்பத் தொடங்கி, குடல் அடங்கிய பிறகு, சாப்பிட்டதையும் வயிறு இருந்த விதத்தையும் எழுத ஒரு கொப்பி போட்டேன். நாலு கிழமை சந்தேகமானவற்றை நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாக, ஒன்றுக்கு மூன்று நாள், கொஞ்சத்தில் தொடங்கிக் கூட்டிச் சாப்பிட்டேன். தேங்காய்க்குப் பயந்து கிடந்தேனே, தேங்காயில் பிழை இல்லை, சம்பலில் போடும் பச்சை வெங்காயம்தான் கள்ளன். பால்மாத் தேத்தண்ணீர் கூடாது, தயிர் பரவாயில்லை. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவித்தால் இரண்டு கரண்டிவரை தாங்கும். மிளகாய்த்தூள் நல்ல காலத்தில் ஒன்றும் செய்யவில்லை, வருத்தம் கூடின நேரத்தில் மட்டும் எரித்தது.

பெரிய சண்டை உள்ளி ரசத்தில் வந்தது. மாமி ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு சரியில்லை என்றதும் உள்ளியைத் தட்டிப் போட்டு ரசம் வைப்பார். கொப்பியைப் பார்த்தால் ரசம் குடித்த நாலு நாளும் மோசம். சொன்னேன். "ஊரில வயித்துக்கு இதைத்தான் குடுக்கிறது பிள்ளை, உனக்கு மட்டும் என்ன புதினம்?" என்றார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். உள்ளியில் காற்றை உண்டாக்கும் ஃப்ரக்டன் (அதுவும் ஒரு ஃபொட்மப்) தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ரசத்தில் அது முழுக்க இறங்கிவிடுகிறது. எண்ணெயில் உள்ளியைப் பொரித்து, துண்டுகளை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் வரும், வில்லங்கம் வராது. மாமி அப்படித் தாளித்து ஒரு பூசணிக்காய்க் கறி வைத்தார். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். சமாதானம்.

என் கொப்பியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தேங்காய்ப்பாலே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நிறுத்தியதை நிறுத்தியபடியே வைத்திருக்கவும் வேண்டாம், 49 கிலோ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வருத்தம் கூடியிருக்கும் நாட்களில் குழைந்த சோறு, மீன், முட்டை, தோல் சீவி அவித்த கரட். கீரையும் கடலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சள் குடித்தால் மாறும் என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். மஞ்சளை நான் இழிவாகச் சொல்லவில்லை. பலன் கிடைத்ததாகச் சொல்லும் ஆய்வில் மஞ்சளில் இருந்து பிரித்த குர்குமினை நாளுக்கு 3 கிராம், அதுவும் மெசலசீனோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மெசலசீனுக்குப் பதிலாக இல்லை. இன்னொருவர் வந்து, சாப்பாட்டாலேயே அடக்கலாம், பிள்ளைகளுக்கு ஆறு எட்டுக் கிழமை திரவ உணவு மட்டும் கொடுத்து அடக்குகிறார்களே என்பார். உண்மை. அது க்ரோன்ஸ் என்ற வேறொரு குடல் அழற்சி நோய்க்கு, டொக்டரின் மேற்பார்வையில். நீங்கள் எழுதியிருப்பது அந்த நோய் இல்லை. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறவராக இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அது வருத்தத்தைக் கிளப்பிவிடும்.

இவ்வளவு நீளமாக எழுத எனக்கு எங்கே நேரம் என்றால், நாளைக்குக் காலை திரும்பவும் கொலனொஸ்கொப்பி. நோய் தொடங்கி எட்டு வருடம் தாண்டினால் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று இடைக்கிடை பார்க்க வேண்டும். இன்று முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும், இப்போது குடலைக் கழுவும் மருந்து இரண்டாவது லீற்றர். ரொய்லெட் கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமி சற்று முன் எட்டிப் பார்த்து, வடித்த உள்ளி ரசமும் தெளிந்த திரவம்தானே என்று கேட்டுவிட்டுப் போகிறார்.