வளைவில் சாயும் கார்: காயிலோவர் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். என்னிடம் 2016 மாடல் பெட்ரோல் செடான் இருக்கிறது, 86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மனைவியின் ஊர் கொல்லிமலை என்பதால் மாதம் ஒருமுறையாவது காரவள்ளி வழியாக அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறோம். முன்பெல்லாம் இப்படி இல்லை, இப்போது ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, பின் சீட்டில் மகளுக்கு வாந்தி வந்துவிடுகிறது. பைபாஸில் 100-ஐத் தொட்டால் மிதக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு கடையில் காயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு வண்டியை 2 இன்ச் இறக்கினால் ரோட்டோடு ஒட்டி ஓடும் என்று 70,000 ரூபாய் சொல்கிறார்கள். நண்பரோ ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினாலே போதும் என்கிறார். எதைச் செய்வது? – வாசகர், நாமக்கல்

பதில்: ஸ்பிரிங்கை வெட்டும் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும், வெட்டின முனை அதன் தட்டில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடம் மாறினால், மலைப்பாதையில் குடும்பத்தோடு போகும் உங்களுக்கு அது வேண்டாத ஆபத்து.

அப்புறம், 'முன்பெல்லாம் இப்படி இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். இதே வண்டி இதே மலையில் ஒழுங்காக ஏறியிருக்கிறது, அப்படியானால் ஏதோ தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் 70,000 ரூபாயைக் கொட்டினால், புதுக் காயிலோவரும் பழைய கிழிந்த புஷ்ஷின் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் மெத்தை) மேல்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

டிசையர், அமேஸ், சிட்டி, வெர்னா என்று நம் ஊரில் ஓடும் குடும்ப செடான்களில் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்) என்பதுதான் அமைப்பு. இதில் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். வளைவில் எவ்வளவு சாய்கிறது என்பதை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியும் முடிவு செய்கின்றன, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை ஷாக் முடிவு செய்கிறது. இடம், வலம் என்று அடுத்தடுத்து வளைவு வரும் மலையில் வண்டி பொத்தென்று இந்தப் பக்கம் விழுந்து பொத்தென்று அந்தப் பக்கம் விழுந்தால் பின்னால் இருக்கும் குழந்தைக்கு வயிறு புரளத்தான் செய்யும். பைபாஸில் மிதப்பதையும் சேர்த்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் ஷாக்கின் மேல்தான்.

நீங்களே பார்க்கலாம். வண்டியை ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் எடுப்பதற்கு முன் டயரை உள்ளங்கையால் சுற்றிலும் தடவுங்கள். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலை மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால் ஷாக் செத்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தாலும் அப்படித்தான். அப்படியே டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள், 3117 என்றிருந்தால் 2017-ம் ஆண்டின் 31-வது வாரத்தில் தயாரானது. ரப்பர் இறுகிப்போன பழைய டயர் என்றால் சஸ்பென்ஷனுக்கு முன் அதைத்தான் மாற்றச் சொல்வேன், ரோட்டைத் தொடுவது அது மட்டும்தான். காற்றின் அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், ஆள் கூடினால் எவ்வளவு என்றும் அதிலேயே பாருங்கள்.

அடுத்து பட்டறையில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே பிடித்திருக்கும் கை) புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், பின்னால் பீமைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய புஷ் என்று எல்லாவற்றையும் கம்பி விட்டு நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புது புஷ் போடும்போது கூடவே நில்லுங்கள். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். என் பழைய காருக்கு ஒரு பட்டறையில் இப்படிச் செய்து, சில மாதத்திலேயே மறுபடியும் 'டக் டக்' சத்தம் வந்துவிட்டது. போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சமே படாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு உங்கள் பணத்தை எதில் போடலாம்? நான்கு புது ஷாக். கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக, அதே நீளத்தில், கொஞ்சம் இறுக்கமான கேஸ் ஷாக் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதைப் போடுங்கள், மவுண்டும் பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) சேர்த்துப் புதிது. பிறகு வீல் அலைன்மென்ட். பெரும்பாலானவர்களுக்கு இதோடு திருப்தி வந்துவிடும்.

இன்னும் சாய்வு குறைய வேண்டுமென்றால் ஸ்டெபிலைசர் பார். திட இரும்புக் கம்பியில் 22 மி.மீ. இடத்தில் 24 மி.மீ. போட்டாலே விறைப்பு சுமார் 40 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் அது தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அதனால்தான் 'இருப்பதிலேயே தடிமனானது கொடுங்க' என்று கேட்கக் கூடாது. பின்னால் மட்டும் அளவுக்கு மீறி விறைத்தால், மழையில் மலை இறங்கும்போது வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டதும் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும்.

2 இன்ச் இறக்குவது உங்களுக்கு வேண்டாம். ஸ்ட்ரட் வண்டியை இறக்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே ஏறுகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள், அது வண்டி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அதனால் விறைப்பான ஸ்பிரிங் போட்டதன் பலனில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். ஷாக்குக்கு மேலும் கீழும் போக இடம் குறைந்து பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும், டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறி டயரின் உள்பக்கம் தேயும். விதிப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கரே 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், நம் தெருக்களில் இருப்பவை அதைவிடக் குறுகலாகச் செங்குத்தாக நிற்கின்றன, இறக்கிய வண்டியில் ஐந்து பேரோடு அடி தட்டாமல் அவற்றைத் தாண்ட முடியாது. பிறகு எப்போதாவது காயிலோவரோ தடித்த பாரோ போட்டால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: டிக்கியில் லக்கேஜ் ஏற்றினால் என் கார் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைக்கலாமா? – வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: வேண்டாம்மா. ரப்பர் இருக்கும் சுற்று வேலை செய்யாது, அந்தச் சுமை மற்ற சுற்றுகளுக்குப் போகும், லக்கேஜ் இல்லாத நாளில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். சமதரையில், காலி வண்டியில், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, அதே மாடல் புது வண்டியோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, கம்பெனி ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: 15 இன்ச் வீலை 16 ஆக்கினால் வளைவில் பிடிமானம் கூடுமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடும், ஸ்டீயரிங் இன்னும் சட்டென்று கேட்கும். மொத்த விட்டம் மட்டும் மாறக் கூடாது. 185/65 ஆர்15 சுமார் 621 மி.மீ., 195/55 ஆர்16-ம் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 120-லிருந்து 107 மி.மீ. ஆகிவிடும், பள்ளத்தில் ரிம் நெளியும் வாய்ப்பு அதிகம். தினமும் ஓட்டும் ரோடு நன்றாக இருந்தால் மாற்றுங்கள், லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) பழைய டயரைவிடக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.