அம்மாவின் போனை வாங்கி வைப்பது சரியா?

கேள்வி: என் அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, வயது 66. பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் ‘மும்பை போலீஸ்’ என்று ஒருவன் வாட்ஸ்அப் வீடியோ காலில் வந்து, அம்மாவின் ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று மிரட்டியிருக்கிறான். அம்மா இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தானே வங்கிக்குப் போய் 4 லட்சம் ரூபாயை ஆர்டிஜிஎஸ் (வங்கி வழியாக உடனடியாகப் பெரிய தொகை அனுப்பும் முறை) செய்துவிட்டார். சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்ததில் ஒரு பகுதியை முடக்கியிருக்கிறார்கள். அண்ணன் அம்மாவின் ஸ்மார்ட்போன், ஏடிஎம் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பட்டன் போனைக் கொடுத்துவிட்டான். ‘படிச்ச உனக்கே புத்தி வேண்டாமா?’ என்றும் கேட்டுவிட்டான். அம்மா இப்போது சரியாகப் பேசுவதே இல்லை. அண்ணன் செய்தது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனின் பயம் நியாயமானது. ஆனால் போனையும் பாஸ்புக்கையும் வாங்கி வைத்தது தவறு. இரண்டையும் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இந்த வாரமே.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2024-ல் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் இதே ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ வலையில் 7 கோடி ரூபாய் இழந்தார். பத்மபூஷண் வாங்கியவர், எண்பது வயதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க வணிகம் செய்தவர். அவருக்குப் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி என்ற பெயரில்கூட ஒருவன் பேசினான். அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் எச்சரிக்க வேண்டிய அளவுக்கு இந்த மோசடி பரவியிருந்தது. உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புத்தி குறைவு என்பதால் இது நடக்கவில்லை.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது, அம்மா தானே வங்கிக்குப் போனார் என்பதுதான். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆட்டோ பிடித்துப் போய், ஆர்டிஜிஎஸ் படிவத்தை வாங்கி, முன்பின் தெரியாத ஒரு பெயரையும் கணக்கு எண்ணையும் தன் கையாலேயே நிரப்பியிருக்கிறார். கவுன்டரில் ‘யாருக்கும்மா இவ்வளவு பணம்?’ என்று கேட்டால் ‘சொந்தக்காரங்களுக்கு’ என்று சொல்லச் சொல்லி, பதிலையும் மோசடிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். போன் காலைக் கட் பண்ணக் கூடாது, கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளைகளும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்பார்கள். அம்மா வாய் திறக்காமல் இருந்தது உங்கள் இருவரையும் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் இருக்கும். ஒருநாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

இந்த மோசடிக்கு முதல் தேவை, ஆள் தனியாக இருக்க வேண்டும் என்பதுதான். மற்ற ஜோடனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது வீட்டுக்குள் அண்ணன் என்ன செய்திருக்கிறார்? அம்மாவை இன்னும் தனியாக்கியிருக்கிறார். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப் போயிற்று, உங்களோடு பேசும் வீடியோ கால் போயிற்று, தன் பென்ஷனில் இருந்து நூறு ரூபாய் எடுக்கக்கூட மகனைக் கேட்க வேண்டும். நாளைக்குப் பட்டன் போனிலேயே ஒருவன் கூப்பிட்டு மிரட்டினால், இந்த அம்மா அண்ணனிடம் சொல்வாரா? ‘மறுபடியுமா?’ என்று கேட்பார்களே என்று பயந்து, சொல்லவே மாட்டார். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் கவலையாக இருக்கிறது.

அதனால் முதல் வேலையாக அண்ணன் அந்த ஒரு வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து கேளுங்கள். நடுவில் ‘அப்பவே எனக்கு போன் பண்ணியிருக்கலாமே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் ஒரே ஒரு ஏற்பாடு. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எவன் சொன்னாலும், அவன் போலீஸ் ஆகட்டும், சிபிஐ ஆகட்டும், அம்மா உடனே போன் காலைக் கட் செய்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் நீங்கள் எடுக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது, வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது என்பதையும் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியையாக இருந்தவர். காரணத்தோடு சொன்னால் தெருவில் இன்னும் நாலு பேருக்கு அவரே எடுத்துச் சொல்வார்.

பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்கு பாஸ்புக்கைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. அம்மாவையே கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். மாதச் செலவுக்கு ஒரு சிறிய கணக்கு, யுபிஐ அதில் மட்டும் இருக்கட்டும். பென்ஷன் சேமிப்பும் வைப்புத்தொகையும் வேறு கணக்கில், போனோடு தொடர்பில்லாமல் இருக்கட்டும். பெரிய தொகை அனுப்பும்போது உங்களில் ஒருவருக்குச் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தொகை என்பதை அம்மா முடிவு செய்யட்டும், அது அவருடைய பணம். வாட்ஸ்அப் அமைப்புகளில், தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதி இருக்கிறது. அதையும் போட்டுக் கொடுங்கள்.

1930-ல் புகார் செய்தது நல்ல காரியம். அழைப்பு போனதும் பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளை முடக்க முயல்வார்கள். மோசடிக்காரர்கள் பணத்தைப் பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் வழியாக மளமளவென்று மாற்றிவிடுவதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். உங்கள் ஊர் சைபர் கிரைம் போலீஸுக்கு அம்மாவே நேரில் போய், முடக்கிய தொகையைத் திரும்பப் பெற என்ன மனு போட வேண்டும் என்று கேட்கட்டும், நீங்கள் கூடப் போங்கள். புகார் எண்ணையும் வங்கி ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள்’ என்று இனி யாராவது கூப்பிடலாம். ஏமாந்தவர்களைத் தேடி வரும் அடுத்த மோசடி அது. அண்ணனிடமும் சொல்லிவையுங்கள். இருக்கிற கோபத்தில் அவர்தான் அதை நம்பிவிடுவாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.